தவிட்டு ரொட்டியும் கடைசி நிறுத்தத்துப் பூட்டும்

இந்த பஸ் டெப்போவில் என் ரொட்டியைக் குறை சொன்ன ஆள் ஒருத்தர் கிடையாது. பதினாறு வருஷமாக நான்தான் இந்தக் கேன்டீனுக்குத் தலைமைச் சமையல்காரி. டிரைவர், கண்டக்டர், மெக்கானிக் என்று நூற்றி நாற்பது பேர். அத்தனை பேரும் ஜன்னலில் வரிசையாக நின்று, "அக்கா, இன்னொண்ணு" என்று கை நீட்டியவர்கள். அதனால் கம்பெனிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா ஒரு நாள் காலையில் என் சமையலறைக்குள் நுழைந்து, சல்லடையில் தங்கியிருந்த தவிட்டை ஒரு பிடி அள்ளி, "இதை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"தூக்கிப் போட்டுருவேன். கோதுமை மாவை ரெண்டு தடவை சலிப்பேன். மருந்துக்குக்கூடத் தவிடு இருக்காது. என் ரொட்டியைத் தொட்டுப் பாருங்க, பஞ்சு" என்றேன்.

"அப்போ நல்லதைக் குப்பையில போட்டுட்டு மிச்சத்தை எல்லாருக்கும் போடறீங்க" என்றார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. என் மகள் வயசு இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத்தான் பேசினேன், இல்லையென்றால் என்ன நடந்திருக்குமோ. "டாக்டரம்மா, ஊசி போடறது உங்க வேலை. ரொட்டி போடறது என் வேலை. நான் உங்க ரூமுக்கு வந்து ஊசியைப் பிடிச்சுப் பார்த்தேனா?"

அவருக்குக் கோபமே வரவில்லை. "உங்க தம்பியோட ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்திருக்கு. தினம் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். எங்க அக்கா போடறதுதான்னு சொன்னார். அதனாலதான் இங்க வந்தேன்" என்றார்.

நான் சல்லடையை எடுத்து ஓரமாக வைத்தேன்.

என் தம்பி இந்த டெப்போவில் டிரைவர். நூல் பிடித்த மாதிரி வண்டி ஓட்டுவான். அதனால் எல்லோருக்கும் அவன் 'நூலு'. இருபத்திரண்டு வயசில் ஸ்டீயரிங்கைப் பிடித்தவன், இன்று வரைக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. வீட்டில் நாலு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தை பேசுவான். வண்டியில் ஏறிவிட்டால் ஆளே வேறு. வயசானவர்களிடம் "மெதுவா ஏறுங்க, நான் இருக்கேன்ல" என்பான். அதுதான் அவன் சந்தோஷம், வேறு எதுவும் கிடையாது. அந்தச் சந்தோஷத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை ஒன்பது புள்ளி நாலு. அடுத்த பரிசோதனைக்கு மூன்று மாதம் தவணை. அதற்குள் எட்டுக்குக் கீழே வந்தால் ஸ்டீயரிங். வரவில்லையென்றால் டயர் ரூம்.

டயர் ரூம் என்றால் ஒன்றுமில்லை, டெப்போவின் பின்பக்கம் ஜன்னல் இல்லாத ஓர் அறை. வண்டியை விட்டு இறக்கப்பட்டவர்கள் அங்கே உட்கார்ந்து, டயர் போவதையும் வருவதையும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள்.

அன்று மத்தியானம் தம்பியைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். "ஏன்டா என்கிட்ட சொல்லல?"

"உன்கிட்ட சொன்னா நீ டாக்டரை அடிக்கப் போயிடுவே." தட்டைத் தள்ளி வைத்தான். "அக்கா, என்னை அந்த ரூம்ல உக்கார வச்சாங்கன்னா நான் இருக்க மாட்டேன்."

அவன் தட்டில் நான் போட்ட ரொட்டி இருந்தது. மற்றவர்களுக்குக்கூட ஓரம் இருக்கும். தம்பிக்கு மட்டும் நான் ஓரத்தை வெட்டிவிட்டு, நடுவில் இருக்கும் மெத்துமெத்துப் பகுதியாகப் பார்த்துப் போடுவேன். பதினாறு வருஷமாகத் தினம் மூன்று வேளை. பாசம் பாசம் என்று அவனுக்கு நான் ஊட்டியது என்ன என்று நினைத்தபடியே அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் விடிந்ததும் டாக்டரம்மா அறை வாசலில் நின்றேன். ரோஷத்தையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் போனேன். அவர் சொன்னது எனக்குச் சட்டென்று புரிந்தது. வெள்ளை மாவு வயிற்றுக்குள் போனதும் கரைந்து, சர்க்கரையாக மாறி, ஒரேயடியாக ரத்தத்தில் இறங்கிவிடும். நார்ச்சத்து இருந்தால் அப்படி இறங்க விடாது.

"உங்க டெப்போ கேட்டுல வாட்ச்மேன் நிக்கறார்ல? எல்லா வண்டியையும் ஒரே நேரத்துல விட மாட்டார், ஒண்ணொண்ணா விடுவார். பயறு, பருப்பு, ஓட்ஸ், பழத்துல இருக்கற நார் அந்த வாட்ச்மேன் வேலையைச் செய்யும். தவிடு, காய்த்தோல், கீரைத்தண்டுல இருக்கற நார் குடலைக் கூட்டிப் பெருக்கும். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இருபத்தஞ்சு, முப்பது கிராம் வேணும். உங்க ஆளுங்களுக்குப் பத்துகூடப் போகல."

"இவ்வளவுதானே? ஒரு கை பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பின்னாலேயே ஏதோ சொன்னார். 'மெதுவா' என்றோ என்னவோ. நான் பாதி வழிக்குப் போய்விட்டேன்.

இங்கேதான் நான் சமையல்காரி புத்தியைக் காட்டினேன். வீட்டில் சமைக்கிறவள் நாலு பேருக்குக் கணக்குப் போட்டு, ருசி பார்த்து, மெல்லச் சேர்ப்பாள். எனக்குப் பெருக்கித்தான் பழக்கம். ஒருத்தருக்கு இவ்வளவு என்றால் நூற்றி நாற்பது பேருக்கு எவ்வளவு, கொண்டு வா மூட்டையை, கொட்டு அண்டாவில். மறுநாளே மாவில் பாதிக்குப் பாதி தவிடு. கூட வேகவைத்த கொண்டைக்கடலை, தோலோடு காய். தம்பிக்கு எல்லாமே இரண்டு மடங்கு.

ரொட்டி பழுப்பு நிறத்தில், செங்கல் மாதிரி கனமாக வந்தது. ஜன்னலில் முதல் ஆளாக நின்றவர் 'மைக்'. அவர் என் தம்பி வண்டிக் கண்டக்டர். அவர் ரகசியம் பேசினால் பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும்.

"அக்கா, என்னது இது? தவிடா? நாங்க என்ன மாடா?"

"மாட்டுக்கு உன்னை விட நல்ல வயிறு. மூடிக்கிட்டுத் தின்னு."

தின்றார்கள். எனக்குப் பயந்து தின்றார்கள்.

முதல் நாள் எல்லோருக்கும் வயிறு உப்பியது. இரண்டாம் நாள் டெப்போவில் ஒருத்தர் பக்கத்தில் ஒருத்தர் நிற்க யோசித்தார்கள். மூன்றாம் நாள், இளகும் என்று நான் நினைத்த வயிறுகளெல்லாம் இறுகிக் கல்லாகிவிட்டன. காலை ஒன்பது மணிக்கு நாலு டிரைவர்கள் ஓய்வறைப் பெஞ்சில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தார்கள். நாலு வண்டிகள் கிளம்பவில்லை. வெளியே ஜனங்கள் கத்துகிறார்கள். மேலாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கச் சமையலறைக்கு வந்து நின்றார்.

"நாலு வண்டி கேன்சல்! மேலிடத்துக்குக் காரணம் எழுதணும். நான் என்னன்னு எழுதறது? டிரைவருக்கு வெளிய வரலைன்னு எழுதவா?"

"சார், கொஞ்ச நாள் பொறுத்தீங்கன்னா..."

"நாளைக்குப் பழைய ரொட்டி வரணும். இல்லைன்னா வேற சமையல்காரரைப் பார்த்துக்கறேன்."

என்னை வெளியே போ என்று சொன்னது இதுதான் முதல் தடவை. அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். பத்தரை மணிக்குத் தம்பி வந்தான். பாதி வழியில் வண்டியை இன்னொருத்தரிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவை. முகமெல்லாம் வியர்வை. இரண்டு மடங்கு தின்றவன் அல்லவா? அவனுக்குத்தான் எல்லோரையும் விட மோசம்.

"அக்கா, விட்டுடு. எனக்காக எல்லாரையும் ஏன் படுத்தறே? டயர் ரூம்னா டயர் ரூம். போறேன்" என்றான்.

அவன் கோபப்பட்டிருந்தால் திருப்பிச் சண்டை போட்டிருப்பேன். அவன் இப்படிச் சொன்னதும் சரக்கறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் திரும்பி வந்தது. டாக்டரம்மா அறைக்குப் போய்க் கதவைத் தட்டாமலே நுழைந்தேன்.

"நீங்க சொன்னதைத்தான் செஞ்சேன். எல்லாருக்கும் அடைச்சுக்கிச்சு. இதுதான் உங்க படிப்பா?"

"எவ்வளவு போட்டீங்க?"

சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "மெதுவா, ரெண்டு மாசத்துல கூட்டணும்னு உங்க பின்னாலேயே கத்தினேன். சரி, தண்ணி? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறாங்க?"

"தண்ணியா? டிரைவரா? காலையில ஒரு டீ. திரும்பி வந்து ஒரு கிளாஸ். நடுவுல குடிக்க மாட்டாங்க."

"ஏன்?"

"குடிச்சா இறங்கணும்ல? வழியில எங்க இறங்கறது? போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம். கடைசி நிறுத்தத்துல கழிப்பறை பூட்டிக் கிடக்கு. திறந்திருந்தாலும் போக நேரம் கிடையாது, போனதும் திருப்பணும். அதனால வாயைக் கட்டித்தான் வண்டி ஓட்டுவாங்க. எல்லா டிரைவரும் அப்படித்தான்." எனக்கு அது சொல்லவே தேவையில்லாத விஷயம். பதினாறு வருஷமாகப் பார்த்துப் பழகியதில் அதில் ஒரு தப்பு இருப்பதாகவே தோன்றியதில்லை.

டாக்டரம்மா எழுந்தே விட்டார். "அக்கா, நார்ச்சத்து தண்ணியை இழுத்து வச்சுக்கும். அப்பதான் அது ஊறி இளகி வெளிய வரும். தண்ணி இல்லாத வயித்துல இவ்வளவு தவிட்டைக் கொட்டினா என்ன ஆகும்? சிமெண்ட் மூட்டையைக் கொட்டின மாதிரிதான்."

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அப்போதுதான். ச்சே, இந்தப் பெண்ணோடா சண்டை போட்டோம் என்றிருந்தது.

ஆக, வேண்டியது இரண்டு. ரொட்டி மெதுவாக மாற வேண்டும், அது என் கையில். டிரைவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும், அது மேலாளர் கையில். அன்றைக்கே அவர் முன்னால் போய் நின்றேன்.

"கடைசி நிறுத்தத்துல அஞ்சு நிமிஷம் வேணும் சார். கழிப்பறையைத் திறந்து விடணும்."

"அஞ்சு நிமிஷமா? டைம் டேபிள்ல கை வைக்க நீ யாரு? டிரைவருங்க இத்தனை வருஷம் ஓட்டலையா?"

"சார், நீங்க எப்பவாவது கடைசி வரைக்கும் போயிருக்கீங்களா?"

"எனக்கு எதுக்கு?"

"நாலு வண்டி ஏன் நின்னுச்சுன்னு மேலிடத்துக்கு எழுதணும்ல? நேர்ல ஆய்வு செஞ்சேன்னு எழுதினா எடுப்பா இருக்கும்." மேலாளருக்கு எடுப்பாக இருப்பதெல்லாம் பிடிக்கும். உச்சி குளிர்ந்து போயிற்று. மறுநாள் தம்பி ஓட்டும் பதினோரு மணி வண்டிக்கு வருகிறேன் என்றார்.

மறுநாள் நல்ல வெயில். டாக்டரம்மா கொடுத்த மருந்தில் தம்பிக்கும் வயிறு சரியாகியிருந்தது. வண்டி கிளம்பக் கால் மணி நேரம் இருக்கும்போது அவருக்கு ஒரு பெரிய டம்ளர் எலுமிச்சைத் தண்ணீர் கொடுத்தேன். "நல்லா இருக்கே" என்றார். இன்னொன்று கொடுத்தேன். அவரோடு நானும் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும் பாட்டிலை நீட்டினேன். "வழியெல்லாம் புழுதி சார், தொண்டை காயும்." மனுஷன் அதையும் காலி செய்தார். தம்பி கண்ணாடியில் என்னையே பார்த்தான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முக்கால் மணி நேரத்தில் மேலாளர் காலை மாற்றிப் போட்டார். ஒரு மணி நேரத்தில் மறுபடியும் மாற்றிப் போட்டார். ஒவ்வொரு வேகத்தடையிலும் கண்ணை மூடிக்கொண்டார். "நூலு, கொஞ்சம் வேகமாப் போப்பா" என்றார்.

"டைம் டேபிள் சார். முன்னாடி போனா மெமோ கொடுப்பீங்க" என்றான் தம்பி. அவன் கிண்டலாகச் சொல்லவில்லை. அவனுக்குக் கிண்டல் வராது.

'மைக்' வந்து குனிந்து, வண்டி முழுக்கக் கேட்கும்படி விசாரித்தார். "என்ன சார், அவசரமா?"

கடைசி நிறுத்தம் வந்தது. வண்டி நிற்பதற்குள் மேலாளர் இறங்கி ஓடினார். ஓட்டமா அது! தொப்பை முன்னால் போக ஆள் பின்னால் போனார். கழிப்பறைக் கதவில் பெரிய பூட்டு. டைம் கீப்பர் எழுந்து நின்று சலாம் வைத்தார்.

"சாவி எங்கய்யா?"

"உங்ககிட்டதான் சார் இருக்கு. தண்ணி வீணாகுதுன்னு ரெண்டு வருஷம் முன்னாடி நீங்கதான் பூட்டச் சொல்லி சாவியை வாங்கிக்கிட்டீங்க. உங்க மேஜை டிராயர்ல இருக்கும்."

மேலாளர் ஒரு வினாடி அந்தப் பூட்டைப் பார்த்தார். அந்த மேஜை இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தது.

"உடைங்கய்யா!" என்று அலறினார். "என்ன பார்த்துக்கிட்டு நிக்கறீங்க? உடைங்க!"

தம்பி நிதானமாகப் போய் ஜாக்கிக் கம்பியை எடுத்து வந்தான். இரண்டே அடி. பூட்டு மண்ணில் விழுந்தது. உள்ளே ஓடியவர் வெளியே வர ஐந்து நிமிஷம் ஆயிற்று. நான் கடிகாரத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

"அஞ்சு நிமிஷம் சார்" என்றேன்.

அவர் முகம் கழுவிக்கொண்டு, கர்சீப்பால் துடைத்தார். என்னை அன்றே வீட்டுக்கு அனுப்பியிருக்கலாம். "ஆறு நிமிஷமாப் போட்டுக்க. வயசானவங்களும் இருக்காங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அந்த மனுஷனை எல்லாவற்றுக்கும் மன்னித்துவிட்டேன்.

அதற்கப்புறம் நான் பிடித்த பிடியை விடவில்லை. ஜன்னலில் ரொட்டி வாங்க வருகிறவன் முதலில் ஒரு டம்ளர் தண்ணீரை என் கண் முன்னால் குடிக்க வேண்டும். வண்டிக்கு ஒரு பெரிய பாட்டில், திரும்பி வரும்போது காலியாக இருக்க வேண்டும். முதல் வாரம் பத்துப் பிடி வெள்ளை மாவுக்கு ஒரே பிடி தவிடு. யாருக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அடுத்த வாரம் இரண்டு பிடி. பழச்சாற்றை நிறுத்திப் பழத்தை முழுசாகக் கொடுத்தேன். பருப்பு ஒரு கரண்டி இரண்டு கரண்டியாயிற்று. பத்தாவது வாரம் சலிக்காத மாவுக்கே வந்துவிட்டேன். பழுப்பு ரொட்டிதான், ஆனால் நன்றாக ஊறிப் பொங்கி, கடித்தால் கோதுமை மணக்கிறது. பதினாறு வருஷமாக நான் சுட்டதில் மணமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

நல்ல சேதியை ஊருக்குச் சொல்ல 'மைக்' போதுமே! ஒரு நாள் காலை ஏழு மணிக்கு டெப்போ நடுவில் நின்றுகொண்டு, "அக்கா! அலாரம் வச்ச மாதிரி! ரெண்டே நிமிஷம்!" என்று கத்தினார். மெக்கானிக்குகள் கை தட்டினார்கள். பெஞ்சில் சுருண்டு கிடந்த அந்த நாலு டிரைவர்களும் தாங்களாகவே இரண்டாவது டம்ளர் கேட்டு வாங்கினார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்னால் வரும் தூக்கக் கலக்கம் போய்விட்டது என்று ஒருத்தர் சொன்னார்.

தம்பி நான் போட்டதைத் தின்றான், கொடுத்ததைக் குடித்தான், மாத்திரையை நேரத்துக்குப் போட்டான். டீக்குச் சர்க்கரையை அவனே நிறுத்தினான். சாயங்காலம் டெப்போவைச் சுற்றி நடந்தான். டயர் ரூம் பக்கம் வரும்போது மட்டும் தலையைத் திருப்பிக்கொள்வான்.

மூன்று மாதம் முடிந்து ரிசல்ட் வரும் நாள். அவனுக்கு மூன்றே கால் வண்டி. மூன்று மணிக்கு டாக்டரம்மா அறைக்குள் போனான். நான் பிசைந்த மாவையே மறுபடி பிசைந்துகொண்டிருந்தேன். நூற்றி நாற்பது பேருக்கும் விஷயம் தெரியும். கேன்டீனில் ஒரு டம்ளர் சத்தம்கூட இல்லை. மேலாளர்கூட ஏதோ ஃபைலைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். அந்த ஃபைல் தலைகீழாக இருந்தது.

தம்பி வந்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவன் முகத்தில் எப்போதுதான் தெரிந்திருக்கிறது? நேராக என்னிடம் வந்து காகிதத்தை நீட்டினான். என் கையெல்லாம் மாவு. கண்ணாடி எங்கேயோ.

"என்னடா? சொல்லித் தொலையேன்!"

"ஏழு புள்ளி ஆறு" என்றான்.

மாவு மூட்டை மேலேயே உட்கார்ந்துவிட்டேன். 'மைக்' போட்ட கூச்சல் எந்த ஊர் வரைக்கும் கேட்டதோ தெரியாது. யாரோ தட்டில் கரண்டியால் அடித்தார்கள், அப்புறம் எல்லோரும் அடித்தார்கள். பின்னாலேயே வந்த டாக்டரம்மா, "மாத்திரையை நிறுத்திடாதீங்க! இப்படியே தொடரணும்!" என்று கத்திப் பார்த்தார், பாவம், யாருக்கும் கேட்கவில்லை. நான் எழுந்து போய் அவரை மாவுக் கையோடு கட்டிக்கொண்டேன். வெள்ளைக் கோட்டில் பத்து விரலும் பதிந்துவிட்டது.

தம்பி மணியைப் பார்த்தான். "அக்கா, வண்டிக்கு நேரமாச்சு" என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு போனான்.

எனக்கு அடுப்படியில் நிற்கப் பிடிக்கவில்லை. ஏப்ரனோடு கேட்டுக்கு ஓடினேன். அவன் வண்டி கேட் வரைக்கும் வந்து, ரோட்டில் ஏற இடம் கிடைக்காமல் நின்றது. ரோடெல்லாம் ஒரே நெரிசல், ஒருத்தரும் வழி விடுவதாக இல்லை. நான் இறங்கி நடு ரோட்டுக்குப் போய், வந்துகொண்டிருந்த ஒரு லாரியின் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். பிரேக் கிறீச்சிட்டு லாரி நின்றது. லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யாரும்மா நீ? ரோட்டுக்கு நீதான் சொந்தக்காரியா?"

"வர்ற வண்டியோட டிரைவருக்கு அக்கா!" என்றேன்.

என்னைத் தாண்டி ரோட்டில் ஏறும்போது தம்பி ஜன்னல் வழியாகச் சிரித்தான். டெப்போ வாசலில் அடிக்கவே கூடாத ஹார்னை, ரோட்டில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி நீளமாக அடித்துக்கொண்டே போனான்.